தீர்ப்பு வந்த பிறகுதான் வழக்கே ஆரம்பம்: இந்திய நடுவர் தீர்வுச் சட்டமும் அந்நிய முதலீட்டாளரும்

இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் பிப்பர்வார் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தை அமைத்துக் கொடுப்பதற்காக, ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் 1989இல் அரசுத் துறை நிறுவனமான கோல் இந்தியாவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. சேர வேண்டிய போனஸ் எவ்வளவு, கழிக்க வேண்டிய அபராதம் எவ்வளவு, நிலக்கரியின் தரம் ஒப்பந்தத்தில் சொன்னபடி இருந்ததா என்பவற்றில் பின்னர் தகராறு எழுந்தது. ஒப்பந்தத்தின்படி விஷயம் பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வர்த்தக சபையின் நடுவர் மன்றத்துக்குப் போக, 2002 மே மாதத்தில் ஒயிட்டுக்குச் சாதகமாகச் சுமார் 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குத் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், அந்தத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி கோல் இந்தியா கல்கத்தா உயர் நீதிமன்றத்தையும், அதை நிறைவேற்றித் தரச் சொல்லி ஒயிட் டெல்லி உயர் நீதிமன்றத்தையும் அணுகின. கல்கத்தாவில் மனு நிலுவையில் இருக்கும்போது டெல்லியில் மேற்கொண்டு எதுவும் செய்ய இயலாது என்று ஆனது. கல்கத்தா நீதிமன்றத்துக்கு இதில் அதிகாரமே இல்லை என்ற கேள்வியோடு ஒயிட் 2004இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2011 இறுதியிலும் அந்த மேல்முறையீடு முடியவில்லை. வென்ற தரப்பின் கையில் ஒன்பது ஆண்டுகளாக ஒரு காகிதம் மட்டுமே இருந்தது.

இந்தியாவில் ஒரு வழக்காளியின் சிரமங்கள் அவர் டிகிரி என்ற நீதிமன்றத் தீர்ப்பாணையை வாங்கிய பிறகுதான் தொடங்குகின்றன என்று, அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1872இலேயே எழுதிவைத்தது. மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போட்டு அலைந்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. நடுவர் தீர்வு என்ற ஏற்பாட்டின் நோக்கமே இந்த அலைச்சலைத் தவிர்ப்பதுதான். இருந்தும், கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தியாவுக்கு முதலீடு கொண்டுவந்த வெளிநாட்டு நிறுவனங்களின் மனக்குறை பெரும்பாலும் நடுவர்கள் சொன்ன தீர்ப்பைப் பற்றியதல்ல, தீர்ப்புக்கும் பணத்துக்கும் இடையிலான காலத்தைப் பற்றியது. அந்தக் காலம் நீண்டதற்கு நீதிமன்றங்களின் சுமை மட்டும் காரணமல்ல. சட்டத்தை இயற்றி நடுவர் தீர்வை ஊக்குவிக்கும் அரசுதான், நாட்டின் மிகப் பெரிய ஒப்பந்தக்காரராகவும், தீர்ப்புக்குப் பணம் கட்ட வேண்டிய முதன்மையான தரப்பாகவும் இருக்கிறது. இந்த இரட்டை வேடத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், சட்டம் ஓர் அடி முன்னும் ஓர் அடி பின்னுமாக நகர்ந்த கதை எளிதில் விளங்கும்.

முதலில் சொல் பற்றி. வழக்கறிஞர்கள் ‘ஆர்பிட்ரேஷன்’ என்றே சொல்லும் இதைத் தமிழில் சிலர் மத்தியஸ்தம் என்றும் சிலர் சமரசம் என்றும் எழுதுகிறார்கள். சட்டத் தமிழில் இசைவுத் தீர்வு என்ற சொல்லும் உண்டு. சமரசம் என்பது பொருந்தாத சொல். சமரசத்தில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு. நடுவர் தீர்விலோ, தகராறு வந்தால் இன்ன முறையில் அமர்த்தப்படும் நடுவரிடம் போவோம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பிறகு, நடுவர் சொல்வது தோற்றவரையும் கட்டுப்படுத்தும். அது நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றத் தக்கது. ஊர்ப் பஞ்சாயத்துத் திண்ணையிலிருந்து இது வேறுபடுவதும் இங்கேதான்: பின்னால் நிற்பது ஊர்க்கட்டுப்பாடு அல்ல, நாட்டின் சட்டம்.

அந்தச் சட்டம் இந்தியாவில் நெடுங்காலம் 1940ஆம் ஆண்டுச் சட்டமாகவே இருந்தது. அதன்படி நடுவர் கொடுக்கும் தீர்ப்பை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, அதன் மேல் டிகிரி வாங்க வேண்டும். நீதிமன்றத்தைத் தவிர்க்கப் போனவர்கள் நீதிமன்ற வாசலிலேயே போய் நின்றார்கள். இந்தச் சட்டத்தின் கீழ் நடவடிக்கைகள் நடந்த விதம் வழக்கறிஞர்களைச் சிரிக்கவும் சட்டத் தத்துவவாதிகளை அழவும் வைத்திருக்கிறது என்று உச்ச நீதிமன்ற நீதிபதி டி.ஏ. தேசாய் 1981இல் எழுதினார். 1991இல் பொருளாதாரக் கதவுகள் திறந்த பின் உள்ளே வந்தவர்களிடம் இப்படியொரு சட்டத்தைக் காட்ட முடியாது. ஐ.நா. பன்னாட்டு வர்த்தகச் சட்ட ஆணையம் 1985இல் வெளியிட்ட மாதிரிச் சட்டத்தை அடியொற்றி, 1996இல் நடுவர் தீர்வு மற்றும் சமரசச் சட்டம் வந்தது. அதன் முதல் பாகம் இந்தியாவில் நடக்கும் நடுவர் தீர்வுக்கு உரியது. இரண்டாம் பாகம் வெளிநாட்டில் வழங்கப்பட்ட தீர்ப்புகளை இங்கே நிறைவேற்றுவதற்கானது. இந்த இரண்டாம் பாகத்துக்கு அடிப்படை 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை. 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. இந்தியா 1960இலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் மத்திய அரசு கெஜட்டில் அறிவித்த நாடுகளின் தீர்ப்புகளை மட்டுமே ஏற்கும், அந்தப் பட்டியலில் உறுப்பு நாடுகளில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முதலீட்டாளர்கள் பலர் கவனிக்காமல் விடும் சின்னக் கண்ணி இது.

1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்தில் பெரிய கோளாறு இல்லை. அதைப் படித்த விதத்தில்தான் வந்தது. நடுவர் தீர்வில் ‘சீட்’ என்று ஒன்று உண்டு. அது விசாரணை நடக்கும் அறையைக் குறிப்பதல்ல, எந்த நாட்டின் நீதிமன்றம் அந்த நடுவர் மன்றத்தை மேற்பார்வையிடும், தீர்ப்பை ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் சட்ட இருப்பிடம். லண்டனைச் சட்ட இருப்பிடமாக வைத்து ஒப்பந்தம் எழுதினால், தீர்ப்பை ரத்து செய்யும் வேலை லண்டன் நீதிமன்றத்துடையது. மும்பை நீதிமன்றத்தின் வேலை அதை நிறைவேற்றுவதா மறுப்பதா என்பதோடு முடிய வேண்டும். 2002இல் பாட்டியா இன்டர்நேஷனல் வழக்கில், வெளிநாட்டில் நடக்கும் நடுவர் தீர்வுக்கும் முதல் பாகம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வெளிநாட்டில் நடுவர் தீர்வு நடக்கும்போது இங்குள்ள சொத்தைக் காக்க இடைக்கால உத்தரவு கொடுக்க வழியில்லாமல் போய்விடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான் அதற்குக் காரணம். ஆனால் ஒட்டகம் தலையை மட்டும் நுழைக்கவில்லை. 2008இல் சத்யம் கம்ப்யூட்டர் தொடர்பான வழக்கில், லண்டனில் வழங்கப்பட்ட தீர்ப்பையே இந்திய நீதிமன்றத்தில் ரத்து செய்யக் கோரலாம் என்று ஆயிற்று. கோல் இந்தியா கல்கத்தாவில் மனுப் போட முடிந்ததும் இந்தக் கதவு வழியாகத்தான்.

இன்னொரு கதவு 2003இல் திறந்தது. நடுவர் தீர்ப்பு ‘பொதுக் கொள்கைக்கு’ முரணாக இருந்தால் ரத்து செய்யலாம் என்பது உலகெங்கும் உள்ள விதி. ஊழல், மோசடி, அடிப்படை நீதிக்கு எதிரானவை போன்றவற்றுக்காக வைத்திருக்கும் அவசர வாசல் அது. ஓ.என்.ஜி.சி. – சா பைப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்துக்கு வெளிப்படையாக முரணான தீர்ப்பும் பொதுக் கொள்கைக்கு எதிரானதே என்றது. சட்டத்தை நடுவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று வாதிட முடிந்தால் ரத்து மனுப் போடலாம். தோற்ற எந்தத் தரப்புக்குத்தான் அப்படித் தோன்றாது? நடுவர் தீர்வு மேல்முறையீடு இல்லாத முடிவாக இருந்த நிலை மாறி, மூன்று நான்கு மேல்முறையீடுகளின் முதல் படியாகச் சுருங்கியது. அதைவிடக் கொடியது அன்றைய 36ஆம் பிரிவு. ரத்து மனுவைத் தாக்கல் செய்த மாத்திரத்தில், எந்த நீதிபதியும் எதையும் பார்க்காமலேயே, தீர்ப்பு தானாக முடங்கிவிடும். அரசு நிறுவனத்தின் அதிகாரிக்கு இது வசதி. பணத்தைக் கட்டினால் தணிக்கைக் குழு கேள்வி கேட்கும், கண்காணிப்புத் துறை கோப்பைத் தூக்கும். மேல்முறையீடு செய்தால் எவரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அது தீர்வதற்குள் அவர் ஓய்வும் பெற்றுவிடுவார். சட்டப் புத்தகத்தில் எங்கும் எழுதப்படாத இந்தக் கணக்குதான் முதலீட்டாளரின் உண்மையான எதிரி.

ஒயிட் நிறுவனம் கடைசியில் வேறொரு பாதையைப் பிடித்தது. அந்தப் பாதை உலகில் முதன்முதலாக வெட்டப்பட்டது மட்டக்களப்பில் என்பது தமிழ் வாசகர்கள் பலர் அறியாதது. 1987 ஜனவரியில் அங்கே இலங்கைப் பாதுகாப்புப் படைகளின் நடவடிக்கையில் ஓர் இறால் பண்ணை அழிந்தது, அதன் ஊழியர்கள் பலர் கொல்லப்பட்டனர். பண்ணையில் முதலீடு செய்திருந்த ஹாங்காங் நிறுவனத்துக்கும் இலங்கை அரசுக்கும் இடையே நடுவர் தீர்வுக்கான எந்த ஒப்பந்தமும் இல்லை. ஆனால் பிரிட்டனும் இலங்கையும் தங்கள் முதலீட்டாளர்களைப் பரஸ்பரம் காப்பதாகச் செய்துகொண்ட உடன்படிக்கை ஹாங்காங்குக்கும் நீட்டிக்கப்பட்டிருந்தது. அதை மட்டுமே ஆதாரமாகக் காட்டி அந்த நிறுவனம் உலக வங்கியின் முதலீட்டுத் தகராறு மையத்தில் வழக்குத் தொடுத்து, 1990இல் 4,60,000 டாலர் இழப்பீட்டை வென்றது. கேட்டது அதைப் போலப் பல மடங்கு. கொல்லப்பட்ட தொழிலாளர்களின் குடும்பங்கள் அந்த மன்றத்தில் தரப்பினராக இருக்கவில்லை, முதலீடு மட்டுமே தரப்பாக இருந்தது என்பதையும் இங்கே குறித்துவைக்க வேண்டும்.

ஒயிட் அதே வழியில், 1999ஆம் ஆண்டு இந்திய–ஆஸ்திரேலிய முதலீட்டு உடன்படிக்கையைக் கையில் எடுத்தது. அதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. எந்த மூன்றாம் நாட்டு முதலீட்டாளருக்கும் தரும் சலுகையை எங்களுக்கும் தர வேண்டும் என்ற பிரிவு ஆஸ்திரேலிய உடன்படிக்கையில் இருந்தது. குவைத்துடன் இந்தியா செய்த உடன்படிக்கையிலோ, முதலீட்டாளர் தம் உரிமையை நிலைநாட்டப் பயனுள்ள வழிமுறையை இந்தியா தரும் என்ற வாக்குறுதி இருந்தது. குவைத்துக்குக் கொடுத்த வாக்கை ஆஸ்திரேலிய நிறுவனம் கடன் வாங்கிக்கொண்டது. 2011 நவம்பரில் நடுவர் மன்றம், இந்திய நீதிமன்றங்கள் நீதியை மறுத்தன என்று சொல்ல முடியாது, ஆனால் ஒன்பது ஆண்டு இழுத்தடிப்பு பயனுள்ள வழிமுறை ஆகாது என்று தீர்த்தது. கோல் இந்தியா கொடுக்க வேண்டிய தொகையை வட்டியோடு இந்திய அரசு கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. முதலீட்டு உடன்படிக்கையின் கீழ் இந்தியா தோற்றதாக வெளியே தெரிந்த முதல் வழக்கு அது. தோற்கடித்தது அரசின் கொள்கை முடிவு எதுவுமல்ல, வாய்தா.

டெல்லியில் அது எப்படி ஒலித்தது என்பதை ஊகிக்கச் சிரமமில்லை. 2012 செப்டம்பர் 6 அன்று பாரத் அலுமினியம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு பாட்டியா தீர்ப்பை மாற்றி, சட்ட இருப்பிடம் வெளிநாடாக இருந்தால் முதல் பாகம் பொருந்தாது என்றது. அந்தத் தேதிக்குப் பிந்தைய ஒப்பந்தங்களுக்கு மட்டுமே என்று சேர்த்துச் சொன்னதால் பழைய கணக்குகள் இன்னும் பல ஆண்டுகள் பழைய விதியிலேயே ஓடின. அடுத்த ஆண்டு, வெளிநாட்டுத் தீர்ப்பை மறுக்கும்போது பொதுக் கொள்கையைக் குறுக்கிப் பொருள்கொள்ள வேண்டும் என்றும் தீர்ப்பானது. 2015 திருத்தம் இவற்றைச் சட்டமாக்கி இன்னும் மேலே போனது. ரத்து மனுப் போட்டால் தானாக வரும் தடை ஒழிந்தது. தடை வேண்டுமானால் தனியாகக் கேட்க வேண்டும், நீதிமன்றம் வழக்கமாகத் தொகையைக் கட்டச் சொல்லும். நடுவர் மன்றத்துக்குப் பன்னிரண்டு மாதக் கெடு வந்தது. பின்னர் 2019இல் பன்னாட்டு வழக்குகள் அந்தக் கட்டாயத்திலிருந்து விடுவிக்கப்பட்டன. 2016 ஆகஸ்ட் இறுதியில் மத்திய அமைச்சரவைக் குழு, அரசு நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தாலும் வங்கி உத்தரவாதத்தைப் பெற்றுக்கொண்டு தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை ஒப்பந்ததாரருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தது. மேல்முறையீடுகளில் பெரும் பணம் சிக்கிக் கிடந்து ஒப்பந்ததாரர்களும் அவர்களுக்குக் கடன் கொடுத்த வங்கிகளும் மூச்சுத் திணறுவதை அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது.

சட்டம் மாறிய அளவுக்கு நடைமுறை மாறவில்லை. இந்தியாவில் நடுவர் தீர்வு பெரும்பாலும் எந்த நிறுவனத்தின் விதிகளுக்கும் உட்படாமல், இரு தரப்பும் தாங்களே நடுவரை அமர்த்திக்கொள்ளும் தனி ஏற்பாடாகவே நடக்கிறது. நடுவர் பெரும்பாலும் ஓய்வு பெற்ற நீதிபதி. இரு பக்க வழக்கறிஞர்களும் பகலில் உயர் நீதிமன்றத்தில் இருப்பதால் அமர்வு மாலை ஐந்து மணிக்கு மேல், அல்லது சனிக்கிழமை. ஒரு சாட்சியின் குறுக்கு விசாரணை முக்கால் மணி நேரம் நடந்ததும் மூத்த வழக்கறிஞர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அடுத்த தேதிக்கு எல்லோரும் நாட்குறிப்பைப் புரட்டுவார்கள். எல்லோருக்கும் ஒத்துவரும் நாள் ஆறு வாரம் தள்ளிக் கிடைக்கும். கட்டணம் அமர்வுக்கு இவ்வளவு என்ற கணக்கில் இருந்தபோது, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரம் மேசையின் எந்தப் பக்கத்திலும் இருந்ததாகச் சொல்ல முடியாது. நடுவர்கள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே ஒருதலையாக நிர்ணயிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்ல வேண்டியிருந்தது என்பதே நிலைமையைக் காட்டும். சென்னையில் நானி பல்கிவாலா மையம் 2005 முதலும், மும்பையில் ஒரு பன்னாட்டு மையம் 2016 முதலும், ஹைதராபாதில் ஒன்று 2021 முதலும் இயங்குகின்றன. டெல்லியில் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாகவே ஒரு மையம் நிறுவப்பட்டது. இருந்தும் பெரிய ஒப்பந்தங்கள் சிங்கப்பூருக்குப் போகின்றன. அங்குள்ள பன்னாட்டு நடுவர் தீர்வு மையத்தைப் பயன்படுத்தும் வெளிநாட்டவர்களில் இந்தியத் தரப்பினர் ஆண்டுதோறும் முன்வரிசையில் இருக்கிறார்கள். இந்திய நிறுவனங்கள் இரண்டு தங்களுக்குள்ளேயே வெளிநாட்டைச் சட்ட இருப்பிடமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றமும் அனுமதித்துவிட்டது.

வெளிநாட்டு வழக்கறிஞர்கள் இங்கு வந்து வாதாடலாமா என்ற கேள்வி சென்னையிலிருந்துதான் கிளம்பியது. உயர் நீதிமன்றத்தில் 2010இல் தொடுக்கப்பட்ட ஒரு ரிட் மனுவில் தொடங்கி, 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு அது. அவர்கள் இங்கே அலுவலகம் போட்டுத் தொழில் செய்யக் கூடாது. ஆனால் கட்சிக்காரருக்குத் தங்கள் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்ல அவ்வப்போது வந்து போகலாம், பன்னாட்டு நடுவர் தீர்வில் பங்கேற்பதை விதிகளுக்கு உட்பட்டு முழுமையாகத் தடுக்க முடியாது என்பது முடிவு. வந்து போகலாம் என்பதற்கு எத்தனை முறை, எத்தனை நாள் என்பதை வரையறுக்கும் வேலை பார் கவுன்சிலிடம் போயிற்று.

நடுவரை யார் அமர்த்துவது என்பது இதைவிடப் பெரிய விஷயம். ரயில்வே ஒப்பந்தங்களில் ரயில்வே அதிகாரியே நடுவராக இருப்பது நெடுங்கால வழக்கம். பாலம் கட்டியவர் பணம் கேட்டால், பணம் தர மறுத்த துறையின் இன்னோர் அதிகாரி அதைத் தீர்ப்பார். 2015 திருத்தம் தரப்பினரின் ஊழியர்களை நடுவராக்கத் தடை விதித்தது. அரசு நிறுவனங்கள் உடனே, ஓய்வு பெற்ற அதிகாரிகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து அதிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுங்கள் என்றன. தகராறில் அக்கறை உள்ள தரப்பு தனி நடுவரைத் தானே அமர்த்த முடியாது என்று 2019இலும், எதிர்த்தரப்பைத் தன் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுக்கக் கட்டாயப்படுத்துவது சமத்துவத்துக்கு எதிரானது என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்விலும் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அந்த வழக்கில் ஒரு தரப்பு ரயில்வேயின் மின்மயமாக்கல் அமைப்பு.

இனி, அரசே நேரடியாக எதிர்த்தரப்பாக நின்ற வழக்குகள். வோடஃபோன் வரி வழக்கில் 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நிதிச் சட்டத்தில் அரசு பின்தேதியிட்டுச் சட்டத்தையே திருத்தியது. நெதர்லாந்து உடன்படிக்கையின் கீழ் வோடஃபோன் 2020 செப்டம்பரில் வென்றது. அதே பின்தேதி வரிக்கு ஆளான எண்ணெய் நிறுவனம் கெய்ர்ன், பிரிட்டிஷ் உடன்படிக்கையின் கீழ் அதே ஆண்டு டிசம்பரில் 120 கோடி டாலர் வென்றது. பணம் வராததால், இந்திய அரசுக்கு வெளிநாடுகளில் உள்ள சொத்துகளைக் கெய்ர்ன் தேடத் தொடங்கியது. ஏர் இந்தியாவும் இந்திய அரசும் ஒன்றே என்று நியூயார்க்கில் வழக்குப் போட்டது; 2021 ஜூலையில் பாரிஸில் இந்திய அரசுக்குச் சொந்தமான குடியிருப்புகள் பிரெஞ்சு நீதிமன்ற உத்தரவால் முடக்கப்பட்டன. அடுத்த மாதமே நாடாளுமன்றம் பின்தேதி வரியை நீக்கிச் சட்டம் இயற்றியது. வழக்குகளைத் திரும்பப் பெற்றால் வசூலித்ததை வட்டியில்லாமல் திருப்பித் தருவதாக அரசு சொல்ல, கெய்ர்ன் சுமார் 7,900 கோடி ரூபாயைப் பெற்றுக்கொண்டு விலகியது. பல ஆண்டு வாதங்களால் அசையாதது, பாரிஸில் சில வீடுகள் முடங்கியதும் அசைந்தது.

தேவாஸ் வழக்கு இதற்கு நேர்மாறானது. இஸ்ரோவின் வணிகப் பிரிவான ஆன்ட்ரிக்ஸ், தேவாஸ் என்ற தனியார் நிறுவனத்துடன் 2005இல் செய்த எஸ்-பேண்ட் அலைக்கற்றை ஒப்பந்தத்தை 2011இல் ரத்து செய்தது. 2015இல் நடுவர் மன்றம் தேவாஸுக்கு 56.25 கோடி டாலர் வழங்கியது. நிறுவனமே மோசடிக்காகத் தொடங்கப்பட்டது என்று கூறி ஆன்ட்ரிக்ஸ் அதைக் கலைக்கக் கோர, கம்பெனி தீர்ப்பாயம் கலைத்தது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம் நடுவர் தீர்ப்பையும் ரத்து செய்தது. ஒப்பந்தத்தில் மோசடி இருந்ததாக முதல் நோக்கில் தெரிந்தால் தீர்ப்புக்கு நிபந்தனையற்ற தடை தர வேண்டும் என்று 2020 நவம்பர் அவசரச் சட்டம் சேர்த்த விதி, இந்த வழக்கை மனத்தில் வைத்துத்தான் எழுதப்பட்டது என்ற பேச்சு அப்போதே இருந்தது. மோசடி உண்மையானால் மக்கள் பணம் போகக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தக் கேள்வி நடுவர்கள் முன் விசாரணை நடந்த ஆண்டுகளில் ஏன் இந்த வேகத்தில் எழவில்லை என்பதற்குத்தான் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. தேவாஸின் பங்குதாரர்கள் வெளிநாடுகளில் விடவில்லை. ஆன்ட்ரிக்ஸ் மீது அமெரிக்க நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை என்பதற்குக் கீழமை நீதிமன்றம் சொன்ன காரணத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் ஏகமனதாக நிராகரித்தது.

மாநில அரசு கொடுத்த வாக்குக்கும் மத்திய அரசுதான் பன்னாட்டு மன்றத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பதை ஒரகடம் கற்றுத் தந்தது. அங்கு கார் ஆலை அமைக்க 2008இல் தமிழ்நாடு அரசுடன் செய்த புரிந்துணர்வு ஒப்பந்தத்தின்படி வர வேண்டிய ஊக்கத்தொகை நிலுவையில் இருப்பதாக நிசான் 2017இல் இந்தியா மீது நடுவர் தீர்வு கோரியது. ஜப்பானுடனான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தைக் காட்டி அது கேட்ட தொகை 5,000 கோடி ரூபாய்க்கு மேல். கோட்டையில் தேங்கிய கோப்பு சிங்கப்பூர் மன்றம் வரை போய், தனக்கு அதிகாரம் உண்டு என்று அந்த மன்றம் 2019இல் சொல்லி, 2020இல் பேசித் தீர்க்கப்பட்டது.

இத்தனைக்கும் அரசின் பதில் உடன்படிக்கைகளிலிருந்து விலகுவதாக இருந்தது. 2015 இறுதியில் வந்த புதிய மாதிரி உடன்படிக்கை, முதலீட்டாளர் முதலில் ஐந்து ஆண்டுகள் இந்திய நீதிமன்றங்களில் முயன்ற பிறகே வெளியே போகலாம் என்றது. வரி விஷயங்களை முழுமையாக விலக்கியது. அதைத் தொடர்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய உடன்படிக்கைகள் முடித்துக்கொள்ளப்பட்டன. ஆனால் 2024இல் ஐக்கிய அரபு அமீரகத்துடன் செய்த உடன்படிக்கையில் ஐந்து ஆண்டு மூன்றாகக் குறைந்தது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் மாதிரி உடன்படிக்கையையே முதலீட்டாளருக்கு உகந்ததாக மாற்றுவோம் என்று நிதியமைச்சர் அறிவித்தார். அந்நிய முதலீடு வேண்டும் என்ற கணக்கும், அதன் வழக்கு வேண்டாம் என்ற கணக்கும் ஒரே அமைச்சகத்தில் எழுதப்படுகின்றன.

உள்நாட்டில் இதே இழுபறி 2024இல் உச்சத்துக்கு வந்தது. டெல்லி விமான நிலைய மெட்ரோ பாதையை நடத்திய ரிலையன்ஸ் குழும நிறுவனம், பாலத் தூண்களின் மேலமைப்பில் குறைகளைக் காரணம் காட்டி 2012இல் விலகியது. 2017இல் நடுவர் மன்றம் அதற்குச் சுமார் 2,782 கோடி ரூபாயும் வட்டியும் வழங்கியது. தனி நீதிபதி ஏற்றார். இரு நீதிபதி அமர்வு ரத்து செய்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் திரும்ப ஏற்றது. மறுஆய்வு மனுவும் தள்ளுபடியானது. வட்டியோடு சேர்ந்து தொகை 8,000 கோடியைத் தொட்ட நிலையில், 2024 ஏப்ரல் 10 அன்று, மறுஆய்வுக்கும் பிறகு அபூர்வமாக அனுமதிக்கப்படும் ‘கியூரேட்டிவ்’ மனுவில் உச்ச நீதிமன்றம் தன் சொந்தத் தீர்ப்பையே திருத்தி நடுவர் தீர்ப்பைச் செல்லாததாக்கியது. பாதை ஓடத் தக்கது என்ற பாதுகாப்பு ஆணையரின் சான்றிதழை நடுவர்கள் கணக்கில் கொள்ளவில்லை என்பது அதன் மையக் காரணம். அந்தக் காரணம் நியாயமாகவே படலாம். ஆனால் கடைசிக் கதவுக்குப் பிறகும் ஒரு கதவு உண்டு என்று ஒரு வெளிநாட்டு வங்கியின் சட்ட ஆலோசகருக்கு எப்படி விளக்குவது? இரண்டு மாதம் கழித்து நிதியமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: அரசு ஒப்பந்தங்களில் நடுவர் தீர்வுப் பிரிவை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம், சேர்த்தாலும் 10 கோடி ரூபாய்க்குக் கீழான தகராறுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். நடுவர் தீர்வு வேகமாக இல்லை, முடிவுகள் அடிக்கடி நீதிமன்றத்துக்கே வருகின்றன என்பது அதில் சொன்ன காரணங்களில் ஒன்று. நீதிமன்றத்துக்கு அதிகம் கொண்டுவருவது அரசு என்பதை அது சற்று மெதுவான குரலிலேயே பேசியது.

ஆகவே இன்று இந்தியாவில் ஒரு மின் நிலையத்துக்கோ தொழிற்சாலைக்கோ பணம் போடும் வெளிநாட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறை தேடி நேரத்தைச் செலவிடுவதில்லை. எதிர்த்தரப்பு தனியார் என்றால் சிங்கப்பூரையோ லண்டனையோ சட்ட இருப்பிடமாக எழுதுகிறார். அந்த நாடு கெஜட்டில் இருக்கிறதா என்று சரிபார்க்கிறார். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தாள் போதுமான அளவு வாங்கியாயிற்றா என்றும் கேட்கிறார். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தின் நடுவர் பிரிவு செல்லாது என்று 2023 ஏப்ரலில் ஐந்து நீதிபதி அமர்வு சொன்னதை, அதே டிசம்பரில் ஏழு நீதிபதிகள் மாற்றும் வரை எத்தனை மனுக்கள் தேங்கின என்பது அவருக்கு நினைவிருக்கும். எதிர்த்தரப்பு அரசு நிறுவனம் என்றால் டெல்லிதான் சட்ட இருப்பிடம் என்ற பிரிவை மாற்ற இயலாது. அங்கே அவர் பேரம் பேசுவது வங்கி உத்தரவாதத்தின் தொகைக்காகவும், மாதப் பட்டியலில் தகராறு இல்லாத பகுதியை உடனே தர வேண்டும் என்ற ஒரு வரிக்காகவும், தாமதித்தால் ஓடும் வட்டி விகிதத்துக்காகவும். பிறகு, ஒப்பந்தத்தில் எங்கும் எழுதப்படாத கணக்கு ஒன்றைத் தன் கோப்பில் தனியாக எழுதிவைக்கிறார்: அந்த நிறுவனத்துக்கு இந்தியாவுக்கு வெளியே எந்தெந்த நாட்டில் என்னென்ன சொத்து இருக்கிறது என்று.